ராசம்மாக்கா காதில் விழாத டிரம்ஸ்

ஈரோட்டில் இருந்து காவேரிப் பாலத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் நூல்காரன்பாளையம். ஊர் கண்ணில் படுவதற்கு முன்பே காதில் பட்டுவிடும். வீட்டுக்கு வீடு விசைத்தறி. தடக் தடக் என்று இன்று காலை தொடங்கினால் நாளைக் காலை வரை ஓடும். வெளியூர்க்காரர் யாராவது வந்து, "இந்தச் சத்தத்துல எப்படிங்க குடியிருக்கீங்க?" என்று கேட்டால், ஊர்க்காரர்கள் ஒரு நிமிஷம் நின்று, உன்னிப்பாகக் கேட்டுப் பார்த்துவிட்டு, "எந்தச் சத்தமுங்க?" என்பார்கள். நடிப்பு இல்லை. அவர்களுக்கு அது சத்தக் கணக்கிலேயே வராது.

இந்த ஊரில்தான் தேனருவி இசைக்குழு இருந்தது. மொத்தம் நாலு பேர். கீபோர்டு வாசிக்கும் நாச்சிமுத்து வயதில் மூத்தவர், ஆகவே குழுவின் மூளையும் அவரே. பாடுவது குழந்தைவேலு. டேம்பரின் தட்டுவது சென்னியப்பன். அதில் அவனுக்கு அதிக வேலை இல்லாததால் மீதி நேரத்தில் சந்தேகம் கேட்பான். டிரம்ஸ் அர்த்தநாரி. நம் கதை அர்த்தநாரியைப் பற்றியது. ஆள் தங்கமானவன். டிரம்ஸை விட்டால் உலகத்தில் அவனுக்கு வேறு எதுவும் தெரியாது. டிரம்ஸும் சுமாராகத்தான் தெரியும்.

இரண்டு வருஷத்தில் ஆறு வாடகை அறை மாறியாகிவிட்டது. குழுவின் மேல் குற்றம் சொல்ல முடியாது. வீட்டுக்காரர்கள் சொன்னதை அவர்கள் ஒரு எழுத்து பிசகாமல் செய்தார்கள். ஒருவர், "கதவைச் சாத்திட்டு வாசிங்கப்பா" என்றார். போய் அவர் வீட்டுக் கதவைச் சாத்தி, வெளியே தாழ்ப்பாளும் போட்டுவிட்டு வந்து வாசித்தார்கள். இன்னொருவர், "நான் தூங்கறப்ப மட்டும் வாசிக்காதீங்க" என்றார். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை போய் அவரைத் தட்டி எழுப்பி, "தூங்கறீங்களாங்க?" என்று கேட்டு, இல்லை என்று உறுதி செய்துகொண்டு வந்துதான் அடுத்த பாட்டை ஆரம்பித்தார்கள். இவ்வளவு மரியாதையாக நடந்தும் காலி பண்ணச் சொல்லிவிட்டார்.

ஏழாவது அறை ராசம்மாக்காவினுடையது. கீழே எட்டுத் தறி ஓடும் பட்டறை, மேலே அந்த அறை. ராசம்மாக்காவுக்கு ஐம்பது வயது இருக்கும். பட்டறை வாசலில் ஸ்டூலைப் போட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பாள். பார்ப்பவர்கள் தூங்குகிறாள் என்று நினைப்பார்கள். அவள் கேட்டுக்கொண்டிருப்பாள். எட்டில் எந்தத் தறியில் ஒரு அடி தப்பினாலும் கண்ணைத் திறக்காமலே, "அஞ்சாந் தறியப் பாருடா" என்பாள். போய்ப் பார்த்தால் அங்கே இழை அறுந்திருக்கும்.

ஒரு திங்கட்கிழமை அவள் மாடிப்படி ஏறி வந்தாள். அர்த்தநாரி குச்சியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றான்.

"ஏனப்புனு, என்ற எட்டுத் தறியும் என்ற காதுலதான் ஓடுது. நீ மேல இடிச்ச இடியில மூணாந் தறி இழை அறுந்தது எனக்குத் தெரியல. ஆறு கெசம் துணி பாழு. இனி ஒருக்கா உன்ற டிரம்ஸ் சத்தம் என்ற காதுல விழுந்துச்சுன்னா, அன்னைக்கே ரூமைக் காலி பண்ணீரோணும். ஆமா."

அவள் இறங்கிப் போன பிறகு நாச்சிமுத்து தொண்டையைச் செருமினார். "அப்புனு, இந்த ரூமும் போச்சுன்னா நான் இனி ரூம் தேட மாட்டேன். டிரம்ஸ் இல்லாமயே குழுவை ஓட்டிக்கறேன். கீபோர்டுல ஒரு பட்டனை அமுக்கினா அதுவே டிரம்ஸ் வாசிக்குது. அதுக்கு டீ வாங்கித் தர வேண்டியதில்ல."

அந்தப் பட்டனை அர்த்தநாரி பலமுறை பார்த்திருக்கிறான். சின்னப் பட்டன், பச்சை நிறம். தன் பிழைப்பு மொத்தமும் அதற்குள் அடங்கிவிடும் என்பதை நினைக்க அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

இது போதாதென்று, அந்த வாரம்தான் மாரியம்மன் நோம்பிக்கான திருவிழாக் கமிட்டி ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தது. நோம்பியில் பாட விரும்பும் குழுக்கள் ஒரு பாட்டைப் பதிவு செய்து வெள்ளிக்கிழமைக்குள் கொண்டுவந்து போட்டுக் காட்ட வேண்டும். டிரம்ஸ் வாசிக்காமல் பாட்டைப் பதிய முடியாது. வாசித்தால் அறை இருக்காது. நாலு பேரும் கூடி யோசித்ததில், ஈரோட்டுக்குப் போய் விசாரிப்பது என்று முடிவாயிற்று.

இசைக்கருவிக் கடைக்காரர் பொறுமைசாலி. எலக்ட்ரானிக் டிரம்ஸ் ஒன்றைக் காட்டினார். ரப்பர் போட்ட தட்டுகள், நடுவில் ஒரு சின்னப் பெட்டி, அதில் மாட்டுவதற்கு ஒரு ஹெட்போன். "உங்களை மாதிரி வாடகை வீட்ல இருக்கறவங்களுக்குன்னே வந்ததுங்க. ஹெட்போனை மாட்டிட்டீங்கன்னா வீட்டுக்காரங்களுக்கு ஒரு பொட்டுச் சத்தம் கேக்காது."

"வீட்ல வெச்சே பாட்டைப் பதியலாமுங்களா?" என்று கேட்டார் நாச்சிமுத்து.

"தாராளமா. போன்ல ரெக்கார்டு பண்ணிக்கலாம். அதுக்கு இந்த ஒயர் இருக்குது. ஒண்ணே ஒண்ணு, பதியறப்ப ரூம்ல வேற சத்தம் எதுவும் இருக்கக் கூடாது. பாடறவரு மைக்ல பாடறப்ப அதுவும் சேந்து பதிஞ்சிரும்."

பழைய டிரம்ஸைக் கொடுத்துவிட்டுப் புதியதை வாங்கினார்கள். பதிவுக்கென்று அவர் கொடுத்த ஒயர் நல்ல உறுதியாக இருந்ததால், அட்டைப் பெட்டியை அதாலேயே இறுக்கிக் கட்டி பஸ்ஸில் ஏற்றினார்கள். ஊர் வந்ததும் முடிச்சு அவிழவில்லை. அரிவாளால் அறுத்தார்கள்.

அறையில் எல்லாவற்றையும் பூட்டி முடித்ததும் அர்த்தநாரி உட்கார்ந்து ஒரு தட்டு தட்டினான். பொத் என்றது. தலையணையைத் தட்டினால் வரும் சத்தம். இன்னும் ஓங்கித் தட்டினான். அதே பொத்.

"அருமை. இப்பவே சத்தம் வர்றதில்ல பாரு" என்றார் நாச்சிமுத்து.

"அண்ணா, எனக்கொரு சந்தேகம்" என்றான் சென்னியப்பன். "இந்த ஹெட்போனை ஆரு மாட்டறது?"

அறை அமைதியாயிற்று. கீழே எட்டுத் தறி ஓடிக்கொண்டிருந்ததை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

"நான் மாட்டிப் பாக்கட்டுங்களா?" என்றான் அர்த்தநாரி.

நாச்சிமுத்து கையை உயர்த்தினார். "அவசரப்படக் கூடாது. கடைக்காரர் என்ன சொன்னார்? ஹெட்போனை மாட்டினா வீட்டுக்காரங்களுக்குச் சத்தம் கேக்காதுன்னார். டேய் குழந்தைவேலு, தலைவலி வந்தா மாத்திரை ஆரு திங்கோணும்?"

"தலைவலி இருக்கறவங்க."

"சத்தம் கேக்கக் கூடாதது ஆருக்கு?"

"ராசம்மாக்காவுக்கு."

"பொறவு அர்த்தநாரி எதுக்கு மாட்டோணும்?"

சென்னியப்பனிடம் கூடச் சந்தேகம் இல்லை. அர்த்தநாரிக்கு மட்டும், தான் வாசிப்பதைத் தானும் கொஞ்சம் கேட்டால் நன்றாயிருக்குமே என்று ஒரு ஆசை இருந்தது. அறையை நினைத்து அதை அடக்கிக்கொண்டான்.

ஹெட்போன் ஒயர் கீழே எட்டவில்லை. கடைத்தெருவில் நீளமான ஒயர் வாங்கி, ஒன்றோடு ஒன்று மாட்டி, ஜன்னல் வழியாகப் பட்டறைக்குள் இறக்கினார்கள். நாச்சிமுத்து ஹெட்போனை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு ராசம்மாக்கா முன்னால் போய் நின்றார்.

"அக்கா, இது புதுசா வந்த கருவிங்க. இதை நீங்க மாட்டிக்கிட்டா அவன் எப்படி அடிச்சாலும் உங்க காதுக்கு வராதுங்க. ஈரோட்டுலயே சொன்னாங்க."

ராசம்மாக்கா சந்தேகத்தோடுதான் மாட்டினாள். மாட்டியதும் தறிச் சத்தமே பாதியாகக் குறைந்தது. பரவாயில்லையே என்று தலையாட்டினாள். நாச்சிமுத்து மேலே பார்த்துக் கையை அசைத்தார்.

அர்த்தநாரி நன்றி உணர்ச்சியோடு வாசித்தான். தனக்கு அறை கொடுத்தவள், தனக்காக ஒரு கருவியையே தலையில் சுமக்கிறாள் என்று நினைத்து, இருக்கிற பலத்தையெல்லாம் போட்டு வாசித்தான். மேலே பொத் பொத் என்றது. கீழே ராசம்மாக்கா ஸ்டூலில் இருந்து ஒரு முழம் எழும்பினாள்.

அவள் ஹெட்போனோடு மாடி ஏறி வர, பின்னால் ஒயரைச் சுருட்டிக்கொண்டே நாச்சிமுத்து வந்தார். "மண்டைக்குள்ள இடி விழுந்த மாதிரி இருக்குது. இதுக்கு அந்தப் பழைய டிரம்ஸே தேவலாம்" என்றாள். அர்த்தநாரி பெட்டியைக் கட்டத் தொடங்கிவிட்டான். அதைப் பார்த்ததும் அவளுக்கு மனசு இளகியது. "வெசனப்படாத. இந்த ஒரு தடவை போகுது, விடு. நானா மாட்டிக்கிட்டதுதான?" என்று சொல்லி, ஹெட்போனைக் கழற்றி அவன் தலையிலேயே மாட்டினாள். "நீயே வாசி, நீயே கேட்டுக்க." இறங்கிப் போய்விட்டாள்.

அர்த்தநாரி ஒரு தட்டு தட்டினான்.

அப்படி ஒரு டிரம்ஸை அவன் ஜென்மத்தில் கேட்டதில்லை. பெரிய மண்டபத்தில் வாசித்த மாதிரி அதிர்ந்தது. தான் இவ்வளவு நன்றாக வாசிப்பவன் என்பது இத்தனை வருஷமும் தனக்கே தெரியாமல் போயிற்றே என்று அவனுக்குக் கண் கலங்கியது. மற்ற மூன்று பேரும் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"என்ன கேக்குது?" என்றார் நாச்சிமுத்து.

குழுவில் ஒளிவு மறைவு கூடாது என்பதால் அர்த்தநாரி வாசித்துக்கொண்டே ஒவ்வொன்றாகச் சொன்னான். காதை அடைத்திருந்ததால் தன் குரல் எவ்வளவு உயரத்தில் போகிறது என்று அவனுக்குத் தெரியவில்லை. "டும் டும் டக்கா! டும் டும் டக்கா! இப்ப ஒரு ஜிங்ங்ங்!" மூன்று தெரு தாண்டி ஒரு நாய் குரைத்தது.

மாடிப்படி அடியில் இருந்து ராசம்மாக்கா குரல் வந்தது. "ஆரு அது அலர்றது?"

நாச்சிமுத்து எட்டிப் பார்த்தார். "டிரம்ஸ் சத்தம் இல்லீங்க்கா. டிரம்ஸ் எப்படி இருக்குதுன்னு சொல்ற சத்தமுங்க."

"அதையும் வாயத் தொறக்காம சொல்லச் சொல்லு" என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்றிலிருந்து நன்றாக இருந்தால் அர்த்தநாரி தலையை மேலும் கீழும் ஆட்டுவது என்று ஏற்பாடு. எப்போதும் நன்றாகவே இருந்ததால் அவன் கழுத்து சுளுக்கிக்கொண்டது.

வியாழக்கிழமை பதிவு. பதிவு ஒயர் அறுபட்டுத் துண்டு துண்டாகக் கிடந்ததால் போனை ஒரு ஸ்டூலில் வைத்து டிரம்ஸுக்கு எதிரே நிறுத்தினார்கள். வேறு சத்தம் கூடாது என்பது கடைக்காரர் கட்டளை. மின்விசிறியை நிறுத்தினார்கள். சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிப் போர்வையில் சுற்றினார்கள். சென்னியப்பன் டேம்பரினைத் துண்டில் பொதிந்து ஆட்டினான். நாச்சிமுத்து கீபோர்டின் சுவிட்சை அணைத்துவிட்டு விரல்களை மட்டும் ஓட்டுவதாக ஒப்புக்கொண்டார்.

"நான் பாடலாமுங்களா அண்ணா?" என்றான் குழந்தைவேலு.

"பாட்டு சத்தமா இல்லையா?"

"சத்தந்தானுங்க."

"அப்ப மனசுக்குள்ள பாடு. வரியை மட்டும் விட்டுராத."

"கீழ தறி ஓடுதே, அது?" என்றான் சென்னியப்பன்.

மூன்று பேரும் அவனைப் பார்த்த பார்வையில் அவன் தலை குனிந்துகொண்டான். தறியைப் போய்ச் சத்தம் என்கிறானே. மூச்சு விடுவதையும் நிறுத்தச் சொல்வான் போலிருக்கிறது.

நாலரை நிமிஷம் ஓடியது பாட்டு. அர்த்தநாரி கண்ணை மூடி, உயிரைக் கொடுத்து வாசித்தான். முடிந்ததும் குழந்தைவேலு, "இரண்டாவது சரணத்துல கொஞ்சம் சுருதி விலகிட்டேன், மன்னிச்சுக்கோங்க" என்றான். யாருக்கும் தெரியவில்லை, பெரிதுபடுத்த வேண்டாம் என்று நாச்சிமுத்து தேற்றினார்.

வெள்ளிக்கிழமை கோயில் மண்டபத்தில் கமிட்டி கூடியது. கமிட்டி முழுக்கத் தறிப்பட்டறை முதலாளிகள். தலைவர் பொங்கியண்ணன் நடுவில், ராசம்மாக்கா ஓரத்தில். அர்த்தநாரி அவள் கண்ணில் படாமல் தூணுக்குப் பின்னால் நின்றான். நாச்சிமுத்து போனை ஸ்பீக்கரில் இணைத்துப் போட்டார்.

தடக் தடக் தடக் தடக்.

கமிட்டிக்காரர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் கண்ணை மூடினார்கள்.

"எட்டுத் தறி" என்றார் பொங்கியண்ணன்.

"எட்டுத்தானுங்க" என்றார் பக்கத்தில் இருந்தவர். "ரெண்டாந் தறிக்கு எண்ணெய் போடோணும்."

"அதை விடுங்க" என்றார் பொங்கியண்ணன். "ஆறாவதைக் கேளுங்க. குறுக்க ஓடற நாடா போய்ச் சேரறப்ப ஒரு தயக்கம் தெரியுது பாருங்க. தோல்பட்டை தளந்திருக்குது. இன்னும் ரெண்டு நாள் ஓடுனா பட்டை அறுந்து நாடா வெளிய பாயும்."

ராசம்மாக்கா கண்ணைத் திறந்தாள். "அது என்ற பட்டறை" என்றாள். தன் போனில் தறிக்காரனைக் கூப்பிட்டு ஆறாந் தறியைப் பார்க்கச் சொன்னாள். பட்டை நூலளவில்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பதில் வந்தது. மண்டபத்தில் எல்லோரும் தலையை ஆட்டிக்கொண்டார்கள். இவ்வளவு தெளிவான பதிவை அந்தக் கமிட்டி இதுவரை கேட்டதில்லை. மற்ற மூன்று குழுக்கள் கொடுத்ததில் பாட்டும் மேளமுமாக ஒரே இரைச்சல், ஒரு தறிகூடக் காதில் விழவில்லை.

"பாட்டு எங்க இருக்குது?" என்று கேட்டார் தலைவர்.

"எல்லாம் உள்ள இருக்குதுங்க" என்றார் நாச்சிமுத்து.

"ஆருக்கும் இடைஞ்சல் இல்லாம வாசிச்சிருக்காங்க" என்றார் தலைவர் மற்றவர்களிடம். "போன வருஷம் வந்த குழு போட்ட சத்தத்துல பக்கத்துல இருக்கறவங்க கூடப் பேச முடியல. இவங்களையே போட்ரலாம். ஆனா அப்புனு, இதுல எப்படி வாசிச்சீங்களோ அப்படியேதான் நோம்பியிலயும் வாசிக்கோணும். ஒரு மாத்தமும் கூடாது."

ராசம்மாக்கா தூணுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். "ரூம்லயே இரு. ஆனா சொன்னது சொன்னதுதான். நோம்பியா இருந்தாலும் என்ற காதுல உன்ற டிரம்ஸ் விழக் கூடாது."

அர்த்தநாரி எத்தனையோ நாளைக்குப் பிறகு அன்று இரண்டு தட்டு சோறு சாப்பிட்டான்.

மாரியம்மன் நோம்பிக்கு ஊரில் மூன்று நாள் தறி ஓடாது. ஓடாதது யாருக்கும் தெரிந்ததில்லை, ஏனென்றால் மூன்று நாளும் பம்பை, வெடி, ஒலிபெருக்கி என்று ஏதாவது ஒன்று விடாமல் அலறிக்கொண்டே இருக்கும். மூன்றாம் நாள் பொழுது சாயும் நேரம் தேனருவி மேடை ஏறியது. மைதானம் நிறைந்த கூட்டம். முன் வரிசையில் கமிட்டி, அதில் நடுநாயகமாக ராசம்மாக்கா.

பதிவில் இருந்த மாதிரியே வாசிக்க வேண்டும், பதிவின்போது வேறு சத்தம் இல்லை. ஆகவே நாச்சிமுத்து ஒலிபெருக்கியை நிறுத்தச் சொன்னார். பம்பைக்காரர்களைக் கும்பிட்டு உட்கார வைத்தார். வெடியைப் பறித்து வைத்துக்கொண்டார்கள். சென்னியப்பன் டேம்பரினைத் துண்டில் பொதிந்தான். கீபோர்டு அணைந்தது. குழந்தைவேலு அம்மனைக் கும்பிட்டுவிட்டு மனசுக்குள் பல்லவியை எடுத்தான். அர்த்தநாரி ஹெட்போனை மாட்டி, கண்ணை மூடிக்கொண்டான்.

நூல்காரன்பாளையத்தில் அப்படி ஒரு நிசப்தம் அதற்கு முன் விழுந்ததில்லை. கூட்டம் முதலில் ரசித்தது. பிறகு நெளிந்தது. கைக்குழந்தைகள் வீறிட்டு அழுதன. பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஏதோ ஒன்று குறைகிறது, என்னவென்று தெரியவில்லை. ராசம்மாக்காவின் முகம் வெளுத்தது. அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"அய்யோ, தறி நின்னு போச்சு. எட்டும் நின்னு போச்சு."

"எனக்குப் பன்னெண்டும் நின்னுருக்குது" என்றார் பொங்கியண்ணன், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டே.

அவ்வளவுதான். நோம்பி என்பதும் மறந்தது, தறியைத் தாங்களே நிறுத்தியதும் மறந்தது. மைதானம் மொத்தமும் அவரவர் பட்டறையைப் பார்த்து ஓடியது. குழந்தைவேலு சரணத்தைப் பாதியில் விட்டுவிட்டு ஓடினான், அவன் மாமன் வீட்டில் நாலு தறி. நாச்சிமுத்துவும் சென்னியப்பனும், சொந்தத் தறி இல்லாவிட்டாலும், எல்லோரும் ஓடும்போது நிற்பது மரியாதை இல்லை என்று பின்னாலேயே ஓடினார்கள்.

அர்த்தநாரிக்கு இது எதுவும் தெரியாது. அவன் காதுக்குள் மைதானமே அதிர வாசித்துக்கொண்டிருந்தான். ஒரு நீண்ட ஜிங் அடித்து நிறுத்தி, கைதட்டலை எதிர்பார்த்துக் கண்ணைத் திறந்தான். எதிரே காலி நாற்காலிகள். முன் வரிசையில் ராசம்மாக்காவின் நாற்காலி கவிழ்ந்து கிடந்தது. தூரத்தில் ஜனங்கள் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடிக்கொண்டிருந்தார்கள், எல்லோருக்கும் முன்னால் அவள்.

இவ்வளவு சத்தமாக வாசித்தால் மனிதர்கள் எப்படி உட்காருவார்கள், அறை போயிற்று, எல்லாம் தன் புத்தியால் வந்தது என்று தன்னையே நொந்துகொண்டான். பெட்டியில் இருந்த வால்யூம் திருகை இரண்டு சுற்று குறைத்துவிட்டு மெதுவாக வாசித்துப் பார்த்தான். யாரும் திரும்பி வரவில்லை. இன்னும் குறைத்தான். வரவில்லை. கடைசியில் ஒரேயடியாகப் பூஜ்ஜியத்துக்குத் திருகினான். இப்போது அவனுக்கே எதுவும் கேட்கவில்லை.

அப்பாடா என்றிருந்தது. இனி ராசம்மாக்கா காதில் விழ வழியே இல்லை. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, வாழ்க்கையிலேயே முதன்முறையாக எந்தப் பயமும் இல்லாமல், இருந்த பலத்தையெல்லாம் போட்டு விடிய விடிய வாசிப்பது என்று உட்கார்ந்தான்.